காரணம் என்ற கட்டம்

கப்பலூர் லாரி வரவில்லை என்றால்
எனக்குத் தூக்கம் வராது.
இருபத்தெட்டு குதிரைகள் என் பொறுப்பில்.
ஒன்றுக்கும் வாயில்லை, வாலில்லை.
புல் கேட்பதில்லை, இலத்தி போடுவதில்லை.
குடிப்பது நைட்ரஜன் மட்டும்.
அதையும் குடித்த சுவடில்லாமல்
புகையாக விட்டுவிடும்.

வெளியே செக்கானூரணி வெயிலில்
தகரக் கூரை பொரிகிறது.
உள்ளே, பால்கேன் அளவு பாத்திரத்தில்
பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு.
பஸ் வசதி இல்லாத
ஏதோ ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறது
அந்த எண்.

தாசில்தாரை நான் தொட்டது ஒன்பது முறை.
பந்தயக் குதிரைக்கு அப்படிப் பேர் வைத்தவர்
உசிலம்பட்டி ஒச்சப்பன்.
"கூப்பிட்டா வரமாட்டான் மேடம்.
ஆனா வந்துட்டா வேலைய முடிக்காமப் போகமாட்டான்,
அது ஒண்ணுதான் வித்தியாசம்."

தோல் போர்த்திய மரக்குதிரை மேல் ஏறும்.
பக்கத்தில் கட்டிய பெட்டை ஒரு பேச்சுக்கு.
வெந்நீர் நிரப்பிய குழாயைத்
தோளில் முட்டுக்கொடுத்து நான் நிற்பேன்.
வால் மூன்று தரம் கொடி ஆட்டும்.
அவ்வளவுதான்.
என்ன வேலை என்று கேட்பவர்களிடம் அம்மா
"ஆஸ்பத்திரி" என்று சொல்லிவைத்திருக்கிறாள்.

பிறகு நடப்பது சமையல்.
கொழகொழப்பை வடிகட்டி, சுழலவிட்டு,
பால், சர்க்கரை, கிளிசரின், முட்டை மஞ்சள்.
முட்டை எதிர்ப் புரோட்டாக் கடையில் வாங்கியது.
அந்தத் தட்டில் மற்றதெல்லாம்
கொத்துப் புரோட்டாவாகப் போயிற்று.
நீலக் குழல்களில் அடைத்து, முனை ஒட்டி,
ஆவியின் மேல் பதினைந்து நிமிடம் படுக்கவைத்து
முக்குவேன்.
சொய் என்று ஒரு சத்தம்.
கொதிக்கிறதா உறைகிறதா
காதுக்குத் தெரியாது.

பங்குனியில் வயிறு முறுக்கிச் செத்தது தாசில்தார்.
அதன்பிறகும் மாதக் கட்டணம் கட்ட
ஒச்சப்பன் வருகிறார்.
ரசீதை மடித்துக்கொண்டு "மூடியத் திறங்க" என்பார்.
வெள்ளைப் புகை வழிந்து அவர் செருப்பைத் தேடும்.
குனிந்து மோந்து பார்ப்பார்.
வியர்வை இல்லை, கொள்ளு இல்லை,
ஈரச் சேணத்தின் வாடை இல்லை.

காசு கொட்டி வாங்கிய பரியெல்லாம்
ராத்திரியோடு ராத்திரியாக நரியான ஊர் இது.
அவர் சந்தேகத்தை
நான் தப்பு சொல்லமாட்டேன்.

ஆடி மாதம் வந்தவர்
"ஒண்ணே ஒண்ண எடுத்துக் காட்டுங்க" என்றார்.
எடுத்தால் திரும்ப வைக்க முடியாது.
ஒரு பெட்டைக்கு எட்டு குழல் வேண்டும்.
இருப்பது பதினாறு.
ஒன்று போனால் ஒரு பெட்டைக்குத்தான்
என்று விரல்விட்டுச் சொன்னேன்.
"கணக்கு தெரியும் மேடம். வட்டிக்கு விட்டவன் நான்."

முப்பத்தேழு டிகிரி நீரில் முப்பது விநாடி.
ஒரு சொட்டு.
ஒற்றைக் கண்ணை மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.
நூற்றில் முப்பத்தைந்துதான் ஓடும் என்று
நான் சொல்லி முடிப்பதற்குள்
"ஆத்தாடி" என்றார்.

அப்புறம் பேச்சில்லை.
வலது கை மட்டும்
இல்லாத கடிவாளத்தை
இழுப்பதும் விடுவதுமாக.
முழங்கால் மேஜையில் இடித்தது.
"ஓரத்துல ஒருத்தன் முட்டிக்கிட்டுப் போறான்,
கொடிய வாங்கிருவான் பாருங்க."

ஆறு வருடமாக இதே கண்ணாடி வழியே
நான் பார்த்ததெல்லாம் சதவீதம்.

விளக்குச் சூட்டில் ஓட்டம் நடையாயிற்று.
நடை நடுக்கமாயிற்று.
ஒன்று மட்டும் நின்ற இடத்தில் வட்டமடிக்க,
"போதும்" என்று எழுந்து
துண்டால் மூக்கைத் துடைத்தார்.
"தோத்துட்டான்னு எழுதிராதீங்க."

பதிவேட்டில் குழல் எண், தேதி, எடுத்தவர்.
காரணம் என்ற கட்டம்
சுண்டுவிரல் அகலம்.
தரச் சோதனை என்று எழுதினேன்.
மீதி பதினைந்து.

அவர் போனபின் பாத்திரத்தில் குச்சியை விட்டுப் பார்த்தேன்.
பனி ஒன்பது சென்டிமீட்டர்தான் ஏறியிருந்தது.
கப்பலூருக்கு போன் போட்டேன்.
லாரி கிளம்பிவிட்டதாம்.
திருமங்கலம் கேட்டில் நிற்கிறதாம்,
குருவாயூர் வண்டி போகட்டும் என்று.