பேசாம இரு

பாபுராவ் தெருவில் எங்கள் லாட்ஜுக்கு
வங்காளத்தில்தான் போர்டு.
ஏப்ரல். ராத்திரி ஒன்று நாற்பது.
சுவரைத் தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றி.

'சும்மாதாம்மா, செக்கிங்' என்றார் எஸ்.ஐ.
பின்னால் ஒரு ஏட்டு, ஒரு டார்ச்.
பெண் போலீஸ் இல்லை.
பத்து வருஷமாய் இந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன்,
அவர்கள் வாயில் சும்மா என்ற சொல்
ஒருநாளும் சும்மா இருந்ததில்லை.

பதினோராம் நம்பர்.
அஷ்ரஃப் மண்டல், டோம்கல், முர்ஷிதாபாத் ஜில்லா.
ரத்தத்தில் என்னவோ குறைகிறது,
காலை ஆறரைக்கு ஊசி.
கட்டிலுக்கடியில் வாடகை ஸ்டவ், கடுகெண்ணெய்,
பாதி நறுக்கிய புடலங்காய்.
அவன் மனைவி ஷெஃபாலி
ஆதாரை நீட்டினாள்,
ஆஸ்பத்திரி அட்டையை நீட்டினாள்,
ரயில் டிக்கெட்டை நீட்டினாள்,
கடைசியில் வெறுங்கையை நீட்டினாள்.

'ஆதார் எங்க வேணா கிடைக்கும்.
தண்ணிக்கு என்ன சொல்லுவ?'
பானி, என்றாள்.
அவர் ஏட்டைப் பார்த்துத் தலையாட்டினார்,
எல்லைக்கு அந்தப் பக்கத்து வார்த்தையாம்.
சார், கஸ்பாவில் எங்கள் அடுத்த வீட்டிலும் பானிதான்.
நாலு தலைமுறையாய்ப் பாலாற்று மணலில்
ஊற்றுத் தோண்டிக் குடித்த பானி.

தமிழில் டைப் அடித்த தாள் ஒன்று வந்தது.
'சும்மா ஒரு கையெழுத்து. நீயே சொல்லும்மா அவளுக்கு.'
படித்தேன்.
ஆவணம் ஏதுமின்றி எல்லை தாண்டினேன்
என்று அவளே சொல்வதாய் இருந்தது.

என் வங்காளம் லாட்ஜ் வங்காளம்.
வெந்நீர், வாடகை, மோட்டார் நிறுத்தியாச்சு.
அதற்குள் கையை விட்டுத் துழாவி
'ஷோய் கொரோ நா' என்றேன்.
கையெழுத்துப் போடாதே.

மேஜைக் கண்ணாடிக்கடியில்,
ரூம் வாடகைப் பட்டியலை ஒட்டி,
சத்துவாச்சாரி கோர்ட்டில் யாரோ கொடுத்த
இலவசச் சட்ட உதவித் தாள்.
நூறு தடவை அதன் மேல் டீக்கறை துடைத்திருக்கிறேன்.
அன்றைக்குத்தான் உரக்கப் படித்தேன்.
காரணம் சொல்லாமல் கைது கூடாது.
இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்.
பொழுது சாய்ந்தபின் பெண்ணை
என்ற இடத்தில் எச்சில் விழுங்கினேன்.

அவள் பேசாமல் இருக்கலாம் என்றும் ஒரு வரி.
அதற்கு எனக்குத் தெரிந்தது ஒரே சொல்:
'ச்சுப்.'
அவள் நடுங்கி வாயைப் பொத்திக்கொண்டாள்.
எத்தனை பேர் அதட்டினார்களோ அந்தச் சொல்லால்.

தமிழில் மட்டும் என்ன.
பேசாம இரு என்றார் அப்பா,
பேசாம இரு என்றார் கணக்கு வாத்தியார்,
'பேசாம இருக்கியா' என்றார் எஸ்.ஐ. இப்போது என்னிடம்.
அதே சொல்லைத்தான் சட்டம்
அவள் கையிலும் கொடுத்து வைத்திருக்கிறது,
கைப்பிடி எந்தப் பக்கம் என்று சொல்லாமல்.

லெட்ஜரைத் திருப்பி வைத்தேன்.
ராத்திரி வர்றவங்க எல்லாரும் எழுதணும் சார்.
பேர், வந்த நேரம், வந்த காரணம்.
நூலில் கட்டிய பேனா ஆடி நின்றது.
அவர் பேசாமல் இருந்தார்.
எவ்வளவு சுலபமாய் வந்தது அவருக்கு.

'காலைல ஸ்டேஷனுக்கு வரச் சொல்லு.'
எழுத்துல கொடுங்க சார், என்றேன்.
பைக் கிளம்பிற்று.

ஆறு மணிக்கு அஷ்ரஃபைத் தாங்கிப் படியிறங்கினாள்,
ஸ்டவ்வை அணைத்தோமா என்று
இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு.

மேஜை மேல் பதினான்கின் சாவி,
பதினேழின் சாவி.
பின்படி வழியாகப் போயிருக்கிறார்கள்.
யாரும் அவர்கள் கதவைத் தட்டவேயில்லை.
பதினேழில் ஒரு குழந்தை,
வியாழக்கிழமை ஆபரேஷன்.

அட்வான்ஸ் ஆயிரத்து இருநூறு.
டிராயரில் இருக்கிறது.