இடது பக்கம் இழுக்கும்

தேர்தல் முடிந்த மறுநாள்
அட்டன் ரோட்டில் மழைக்குச் சாய்ந்து கிடந்தவர்
இன்று என் விமானத்தின் சிறகு.
இடது சிறகில் கண்ணாடியும் ஒரு காதும்,
வலதில் மீசை, கும்பிட்ட கையில் பாதி,
விருப்பு இலக்கத்தின் கடைசி எண்.
நெளி பிளாஸ்டிக் அட்டை. நனையாது, வளைத்தால் வளையும்.
வேறென்ன வேண்டும் பறக்க.

உடம்பு, மீன் பெட்டி ரெஜிபோம்.
எத்தனை தரம் கழுவியும் பூனைகள் பின்னால் வரும்.
மோட்டர், கல்யாண வீடொன்றில் விழுந்த ட்ரோனில் கழற்றியது.
சுக்கானை இழுப்பது சைக்கிள் கம்பி.
வால் கனத்ததால் மூக்குக்குள்
நாலு பத்து ரூபாக் குத்தி.
போன் திருத்தும் கடையில்
இதற்கெல்லாம் ஏது நேரம் என்கிறார்கள்.
கரண்ட் போன நேரம்.

பொயா லீவு. பொகவந்தலாவை, கீழ்ப்பிரிவு கிரவுண்ட்.
மொரிஸ் ஓடிப்போய் எறிந்தான்,
எல்லைக் கோட்டிலிருந்து பந்து எறிகிற மாதிரி.
விழ வேண்டிய இடத்தில் விழாமல்
லயத்துத் தகரங்களுக்கு மேல்,
தகரம் பறக்காமல் வைத்த கற்களுக்கு மேல்
இடது பக்கம் இழுத்துக்கொண்டே
ஏறியது அந்தச் சிரிப்பு.
"ஐயா வாறாரு!" என்று கத்தினார்கள் பிள்ளைகள்.

ஏழாம் நம்பர் மலையிலிருந்து மூட்டம் இறங்கியது,
துணி அலசிய தண்ணீர் நிறத்தில்.
முதலில் வால் போனது. பிறகு காது. பிறகு கும்பிடு.
கையில் ரிமோட், கண்ணில் ஒன்றுமில்லை.
காதால் ஓட்டினேன்.
எங்கோ ஒரு தையல் மெசின்
வெள்ளைத் துணிக்குள் தானே தைத்துக்கொண்டு போனது.
கட்டைவிரலால் வா வா என்றேன்.
கொஞ்சம் வந்தது.
நின்றது.
மொரிஸ் தொப்பியைக் கழற்றினான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை கடைக்கு வந்தாள் கோகிலவாணி,
சாக்கில் சுற்றிய மீசையோடு.
தேயிலை வாதுகளுக்கு நடுவில் கிடந்ததாம்.
"அன்னைக்கு மழைக்கா. பதினெட்டு கிலோ வராது,
முக்கால் கொறையும்னு கைக்கே தெரிஞ்சிச்சி.
கொழுந்துக்கு அடியில வச்சிட்டேன்.
அரைப்பேர் போடப் பாத்தவரு
முழுப்பேர் போட்டாரு."
சாக்கைக் கொட்டுமுன் எப்படி எடுத்தாளோ, சொல்லவில்லை.
அவள் போனுக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுத்தேன்.

மூக்கு நசுங்கியிருந்தது. ஒரு குத்தியைக் காணோம்.
அதை நான் கேட்கவில்லை.
வலது சிறகு நுனியில் ஈயத்துண்டு ஒட்டினால்
நேராகப் போகும் என்றான் மொரிஸ்.
நிறை கூடிவிடுமே என்றேன்.
கூடட்டுமே என்றாள் கோகிலவாணி.