முதல் பத்துப் பங்குகள்

மண்டபம் வடக்குத் துறையில்
ஐஸ் கம்பெனியின் கணக்கு மேசை.
கண்ணாடிக்கு அடியில் மாதா படம், மேலே
மீராசா விட்டுப்போன இரண்டு தாள்.
இரண்டும் பயோடெக் ஃபண்டுதான்.
ஒன்றுக்குச் செலவு விகிதம் 0.62,
மற்றதற்கு 1.85.
கச்சான் அடிக்கிறது. தாள் பறக்காமலிருக்க
ஒன்றின்மேல் ஸ்டாம்பு டப்பா,
ஒன்றின்மேல் என் மூக்குக்கண்ணாடிக் கூடு.

முதலாவது, குறியீட்டின் பின்னாலேயே போகிறது,
முன்படகின் விளக்கைப் பார்த்து
ஓட்டிப் போகிறவனைப் போல.
அவனும் ஓரளவு மீனோடுதான் வருவான்.
இரண்டாவதற்கு ஒரு மேலாளர்.
படத்தில் டை கட்டியிருக்கிறார்.
மூன்றாம் கட்டச் சோதனை தாண்டாத மருந்துகளைத்
தானே தேடிப் பிடிப்பாராம்.
பத்தில் ஒன்பது வெறும் மடி,
மீராசாவே ஒத்துக்கொண்டான்.
"அந்தப் பத்தாவதுலதான் அக்கா, வலையே கிழியும்."
பெரியபட்டினத்துக்காரன்; கடலுக்குப் போனதில்லை.

ஐந்து வருட வரைபடத்தில்
நீலக்கோடு வடகடல், சிவப்பு தென்கடல்.
சிவப்பு ஓரிடத்தில் நெட்டுக்குத்தாக ஏறுகிறது:
ஒரே வருடம், முப்பத்தெட்டு சதவீதம்.
"எந்த வருஷம்னு பாத்தீங்களா?"
பார்த்தேன்.

அந்த வருஷம்தான்
மூன்று வாரத்துக்கு ஒருமுறை
மதுரையில் அந்தக் குப்பியை வாங்கி வந்தேன்.
ராமநாதபுரத்தில் ஏற்றுவார்கள்.
இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது,
எட்டுக்கு மேல் ஏறக் கூடாது.
துறைக்கே ஐஸ் விற்கிறவள்
ஐஸ் நேராகப் படாமல் துண்டு சுற்றி
மடியில் வைத்துக்கொண்டு
பரமக்குடி தாண்டியும் தூங்காமல்.
ஒன்று ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம்.
பதினொன்று சிலுவைராசுக்கு ஏறியது.
பன்னிரண்டாவது பிரிட்ஜ் கதவில்
முட்டைக்குப் பக்கத்தில் மிஞ்சியது.
விற்ற சரக்கு திரும்ப எடுப்பதில்லை.

தாளைத் திருப்பினேன்.
'முதல் பத்துப் பங்குகள்', இரண்டாவது வரி, 8.9 சதவீதம்:
குப்பியின் லேபிளில் இருந்த அதே பெயர்.
அடுத்த தாளிலும் இருந்தது. அங்கே 6.1.
எதை எடுத்தாலும் நானும் பங்குக்காரி.

அப்படியென்றால் அந்த முப்பத்தெட்டில்
எங்கள் வீட்டுப் பணமும் உண்டு.
எவ்வளவென்று பார்க்கக் கால்குலேட்டரை எடுத்தேன்.
புள்ளிக்குப் பின் எத்தனை சைபர் என்று தெரியாமல்
வைத்துவிட்டேன்.
கோபம் வருமென்றுதான் நினைத்தேன்.
ஆனால் எட்டு மாதம் கூட இருந்தார்.
ஒரு கிறிஸ்துமஸ், ஒரு ஈஸ்டர்,
நண்டு கேட்ட இரண்டு ஞாயிறு.
அந்த லாபம் எந்தத் தாளிலும் இல்லை.

கரையில் பங்கு வைக்கும்போது
டீசல் போக, ஐஸ் போக, படகுக்குப் போக
மிச்சம்தான் ஆளுக்கு.
ஐஸுக்கு எவ்வளவென்று எழுதுகிறவள் நான்.
1.85 என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.
பாடு நல்லதோ வெறுமையோ
அவர்கள் முதலில் எடுத்துவிடுவார்கள்.

படிவத்தில் ஒரு கேள்வி:
ஒரே மாதத்தில் உங்கள் முதலீடு
இருபது சதவீதம் சரிந்தால் என்ன செய்வீர்கள்?
அ. உடனே விற்பேன்.
ஆ. காத்திருப்பேன்.
இ. இன்னும் வாங்குவேன்.
முன்பு நாங்கள் செய்தது இ, நகையை வைத்து.
இப்போது ஆ-வில் டிக் அடித்தேன்.

இன்சூரன்ஸில் மிஞ்சிய இரண்டு லட்சம்,
0.62 தாளுக்கு.
புதன்கிழமை செய்தி வந்தது:
ஒதுக்கப்பட்ட யூனிட்டுகள் 11,904.318.
சாளையைக்கூட இங்கே யாரும்
இவ்வளவு நுணுக்கிப் பங்கு வைப்பதில்லை.
வாசலில் லாரி ஹாரன். நூற்று நாற்பது பார்.
எழுதி முடித்தபின் பார்த்தால்
வரவுக்குப் பதில் செலவில் எழுதியிருக்கிறேன்.

பன்னிரண்டாவது குப்பி காலாவதியாக
இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.
ராத்திரி கரண்ட் போனால்
இப்போதும் எழுந்துபோய்
பிரிட்ஜ் கதவைக் கையால் அழுத்திப் பார்க்கிறேன்.