மாசி

அண்ணாநகரில் கண்ணாஸ்பத்திரிக்குப் பின்னால்
லாட்ஜுகள் தோளோடு தோள் இடிக்கும் சந்தில்
என் கடை. ஆறு பெஞ்சு, ஒரு கல்.
விளக்குப் போட்டதும்
ஊர் ஊராக ஒற்றைக் கண்கள் வரும்,
மற்றதில் பச்சைத் துணி கட்டி.

அன்றைக்கு வந்தவரிடம் பேர் கேட்டேன்.
'மணிக்கு' என்றார்.
'எத்தனை மணிக்கு?' என்றான்
பரோட்டா வீசிக்கொண்டிருந்த சடையாண்டி.
ஹசன் மணிக்கு. மாலத்தீவு.
கூட வந்த மனைவி பேர் ஸகியா.

கரண்டியைக் கீழே வைத்தேன்.

ஏழு வருடம் அங்கே இருந்தவன் நான்.
காலை ஆறிலிருந்து பத்தரை வரை
முட்டை மேசைக்குப் பின்னால், வெள்ளைத் தொப்பியில்.
மஞ்சள் வேண்டாதவருக்கு வெள்ளை,
இரண்டும் வேண்டாதவருக்கு ஒரு சிரிப்பு.
கண்ணாடித் தரைக்குக் கீழே மீன் ஓடும்,
தட்டிலிருக்கும் மீன் நார்வேயிலிருந்து வரும்.
வெங்காயம் தூத்துக்குடித் தோணியில்.
சீவின இளநீர் பதினெட்டு டாலர்.
நாற்பத்தியிரண்டு பாத்திரம் திறந்திருக்கும்,
ஒவ்வொன்றின் முன்னாலும் ஏதோ ஒரு தேசத்தின் சீட்டு.
அந்தத் தீவின் பேர் ஒன்றிலும் இல்லை.
தீவுக்காரர்கள் காலை ஆறு மணிப் படகில் வந்து
மணலைப் பெருக்கிவிட்டு
சாயங்காலம் ஆறு மணிப் படகில் போவார்கள்.
ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்,
ஒரு கால் குட்டையான என் பெஞ்சில்,
டீ மட்டும் போதும் என்று.

'நாளைக்குக் கட்டாயம் வாங்க' என்றேன்.

விடிந்ததும் கீழமாசி வீதிக்குப் போனேன்,
லோடு இறக்குகிற நேரம்.
மாசி இருக்கா என்று கேட்டால்
'நிக்கிறதே மாசியிலதானண்ணே' என்கிறான் கடைப்பையன்.
நாலாவது கடையில் கிடைத்தது, லட்சத்தீவுச் சரக்கு.
விறகுத் துண்டு மாதிரி.
தரையில் தட்டினால் மரச் சத்தம்.
விலையைக் கேட்டுவிட்டு
இன்னொரு தரம் கேட்டேன்.

இடித்தேன். தேங்காய் துருவினேன்.
சின்ன வெங்காயம், பச்சை மிளகாய்,
எலுமிச்சை பிழிந்து விரலால் பிசைந்தேன்.
ஒரே ஒரு தடவை பார்த்துக் கற்றது.
படகு தாமதமான ஒரு காலையில்
சரக்கறைக்குப் பின்னால் குந்தியிருந்து
ஒருத்தி இப்படித்தான் பிசைந்தாள்.
என்னைக் கண்டதும் தட்டை மூடினாள்,
திருடினதை மறைப்பதுபோல.

எட்டு மணிக்கு, மணிக்கு வந்தார்.
இலை போட்டு வைத்தேன், பக்கத்தில் இரண்டு சப்பாத்தி.
'மாஸ் ஹுனி' என்றேன்,
எனக்குத் தெரிந்த பதினாறு திவேகிச் சொல்லில் இரண்டு.
ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார்.
திறந்திருந்த கண்ணையும் மூடினார்.
நான் காத்திருந்தேன்.

பிறகு இலையை மனைவி பக்கம் நகர்த்திவிட்டு
அடுத்த பெஞ்சைக் காட்டினார்.
லாரிக்காரர் ஒருவர் கறி தோசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.
'அது.'
உடைந்த இந்தியில் சேர்த்துச் சொன்னார்:
'இது வீட்டில் தினமும். வெளியூர் வந்திருக்கிறேன்.
உன் ஊரைக் கொடு.'

எனக்குக் காது சுட்டது.
சடையாண்டி திரும்பி நின்று சிரித்தான்.
ஹலாலா என்று கேட்டார். நெல்பேட்டை பாய் கடைக் கறி என்றேன்.
மாவு, அதன்மேல் முட்டை, அதன்மேல் சுக்கா,
எங்கே கோபம் போகுமோ அங்கே மிளகு.
ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது;
சால்னாவுக்கு ஓரங்குலம் முன்னாலேயே
பெஞ்சில் தொட்டுக்கொண்டார் முதல் விள்ளலை.
இரண்டாவது தோசையும் கேட்டார்.

ஸகியா பேசவே இல்லை.
முந்தானை ஓரத்தைத் தலையில் சரிசெய்துகொண்டு
கடைசித் துருவல்வரை சப்பாத்தியால் ஒற்றி எடுத்தார்.
முடித்துவிட்டு, தேங்காய் மூடியைக் கையில் எடுத்து
நகத்தால் கீறிக் காட்டினார்: முற்றல்.
காலைக்கு ஒரு பொட்டலம் என்று சைகை.

கறி தோசை இரண்டு, இருநூற்று அறுபது.
மாசிக்கு என்ன போடுவது?
பேனாவோடு நின்றேன்.
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த சடையாண்டி
'பதினெட்டு டாலர் போடுண்ணே' என்றான்.

நாற்பது ரூபாய் போட்டேன்.
நாளைக்கு இளசாகத் தேங்காய் பார்க்க வேண்டும்.