இரண்டு மணி பத்து

மின்சாரத்தை முதலில் நிறுத்து என்கிறது கையேடு.
நிறுத்தினேன்.
பனியாறு சொட்டுவது மட்டும் நிற்கவில்லை.

தியான்ஷானில் இந்த உயரத்தில்
திருப்புளியை வாயில் கவ்வக்கூடாது,
இரும்பு உதட்டில் ஒட்டிக்கொள்ளும்.
ஒட்டிக்கொண்டது.
சத்தார் தன் தேநீரைச் சரித்து விடுவித்தான்,
சிரிக்காமல்,
இரண்டு குதிரைகளின் கடிவாளமும் ஒரே கையில்.

மூன்று வருடமாக இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது
பதிவுக்கருவி.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
ஏரியின் ஆழத்தை அளந்து
தனக்குள்ளேயே எழுதிக்கொண்டது.
யாரிடமும் சொல்ல வாயில்லை.
முதலில் நிதி வரவில்லை,
நிதி வந்தபோது கணவாய் மூடியிருந்தது.

வாயை இன்று கொண்டுவந்திருக்கிறேன்.
சோப்புக்கட்டி அளவு, பின்னால் நான்கு திருகு.
சிவப்பு பன்னிரண்டு வோல்ட்டுக்கு.
கறுப்பு எதிர்முனைக்கு.
கம்பியைச் சுற்றிய கவசவலை
ஒரே முனையில்தான் மண்ணைத் தொடலாம்,
இரண்டிலும் தொட்டால்
மலையில் விழும் இடிக்கெல்லாம் அது வழி.
கோடியில் ஒரு குட்டி மின்தடை, நூற்றிருபது ஓம்,
சொன்னது சுவரில் மோதித் திரும்பாதிருக்க.

மின்சாரம் கொடுத்தேன்.
பச்சை எரிந்தது. மஞ்சள் எரியவில்லை.
அவிழ்த்தேன், முறுக்கினேன், திட்டினேன்.
கையுறை கழற்றிய விரல்கள் என்னுடையவையாக இல்லை.
மூன்றாம் முறைதான் தெரிந்தது:
ஏ இருக்கவேண்டிய துளையில் பி.
செய்தவன் ஒரு பெயர் வைத்தான்,
அச்சிட்டவன் இன்னொன்று.
மாற்றிச் செருகினேன்.

மஞ்சள், ஒருமுறை,
மீன் புரண்டது போல.

நாரினிலிருந்து தொலைபேசியில் மீர்குல் கத்தினாள்:
"நாலு புள்ளி ஒன்று ஏழு! பழையதும் வருது,
மூணு வருஷத்ததும் கொட்டுது!"

சத்தார் பக்கத்தில் வந்து நின்றான்.
"போன ஜூலை, பதினெட்டாம் தேதி ராத்திரி.
அது இருக்குமா?"

மடிக்கணினியில் தேடினேன்.
இரண்டு மணி: ஐந்து புள்ளி பூஜ்யம் நான்கு.
இரண்டு பத்து: மூன்று புள்ளி எட்டு.
இரண்டு இருபது: ஒன்று.
அதன் பிறகு எண்ணே இல்லை, வெறும் கோடு.

"கீழே வந்தப்போ ரெண்டு ஐம்பது" என்றான்.
"கெஞ்செபெக்கோட கூடாரத்திலேர்ந்து மேட்டுக்கு
ஏழு நிமிஷம்.
பிள்ளையைத் தூக்கிக்கிட்டா பத்து."

காற்று கையேட்டின் பக்கங்களைப் புரட்டியது.
நான் அதைப் பிடிக்கவில்லை.
ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை உள்ளே வைத்து
மூடியை எடுத்தேன்.
"இரு" என்றான்.

குனிந்து, ஒவ்வொரு கம்பியாக,
இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தான்,
ஏறப்போகும் குதிரையின்
சேணவாரை இழுத்துப் பார்ப்பவனாக.
சிவப்பு. கறுப்பு. ஏ. பி.
ஒன்றும் கழன்று வரவில்லை.

மூடினேன்.
இருந்தும் இருவரும் கிளம்பவில்லை.
அடுத்த பத்து நிமிடம் ஆகட்டும் என்று
பாறையில் உட்கார்ந்திருந்தோம்.