தேய்மானம்

லிண்ட்சே நகரம், வங்கிக் கிளை.
மேசைக்கு அந்தப் பக்கம் கடன் அலுவலர் மெலனி.
இந்தப் பக்கம் நான், என் சப்பாத்து,
சப்பாத்திலிருந்து கம்பளத்தில் கரைந்துகொண்டிருக்கும்
கொஞ்சம் பெப்ரவரி.

அறுபத்துநாலு மறி, மூன்று கிடாய்.
மறி ஒன்றுக்கு ஒன்றேமுக்கால் குட்டி,
ஆக நூற்றுப் பன்னிரண்டு.
முக்கால் குட்டி எப்படி இருக்கும் என்று அவள் கேட்கவில்லை.
நான் கண்டிருக்கிறேன்.
போன மாதம், மைனஸ் இருபத்தெட்டு, வைக்கோல் மேல்,
பின்னங்கால் இரண்டும் முதலில் வந்தன.
தலை வரவேயில்லை.
அதை ஏழாம் பத்தியில் எழுதியிருக்கிறேன்,
இறப்பு, எட்டு வீதம்.

சந்தை எங்கே என்றாள்.
ஸ்கார்பரோவில் பதினேழு இறைச்சிக் கடை.
ஈஸ்டர், ஹஜ்ஜுப் பெருநாள், தீபாவளி,
அதைவிட, கந்தசஷ்டி முடிந்து வரும் முதல் சனிக்கிழமை.
ஆறு நாள் பட்டினி கிடந்த சனம்
காலை எட்டு மணிக்கே கடை வாசலில் நிற்கும் மெலனி,
எலும்போடு, தோலோடு, ஈரல் வேறாக.
அவள் தட்டச்சினாள்:
பருவகாலக் கேள்வி.

பத்தொன்பதாம் வரியில் விரல் நின்றது.
கழுதை. ஒன்று. அறுநூற்றைம்பது டொலர்.
வரவு என்ற கட்டம் வெறுமை.

இது பால் தருமா?
இல்லை.
இறைச்சி?
ஐயோ, இல்லை.
குட்டி?
தனிக் கழுதை.
அப்போ இது பொழுதுபோக்கா?

கணக்கில் முப்பத்திரண்டு எடுத்த நாளில்
அருளம்பலம் வாத்தியார் சொன்னார்,
நீ கழுதை மேய்க்கத்தான் சரி.
அவர் சொன்னது பலித்ததையும்
இப்போது கணக்கும் நானே பார்ப்பதையும்
இவளுக்கு எந்தப் படிவத்தில் சொல்வது?

வாங்கும் முன் நடந்ததைச் சொன்னேன்.
முந்தின ஒக்டோபர், ஒன்பது இரவு, பதினொரு குட்டி.
கொயோட்டி கூட்டமாக வரும்,
கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டு வரும்.
இழப்பீட்டுக்கு நகரசபை ஆள் வந்து படம் எடுத்தார்.
கால் கிடந்தால் காசு உண்டாம்,
ஒன்றுமே கிடக்காத இடத்துக்கு இல்லையாம்.
பதினொன்றில் நாலுக்குத்தான் ஏதோ கிடந்தது.
நான் பிக்கப்பில் ரோர்ச்சோடு விழித்திருந்தேன்,
பகலில் ஏலத்தில் நின்றபடியே தூங்கி
வேறொருவன் கிடாய்க்குக் கை தூக்கினேன்.
மூன்றாவது கிடாய் அதுதான்.

பிறகு ஒமீமீயிலிருந்து கோர்டன் இந்தக் கழுதையை
ட்ரெய்லரில் கொண்டுவந்து இறக்கினார்.
ஆடுகளை அது விரும்புகிறது என்று சொல்லமாட்டேன்.
நாயை, நரியை, கொயோட்டியை,
என் மைத்துனர் கேதாரனை
அதற்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.
இரவு இரண்டு மணிக்கு ஒரு கத்தல்.
காலையில் பனியில் பார்த்தால்
காலடித் தடங்கள் வேலிக்கு நாற்பது அடி முன்னால்
நின்று, யோசித்து, திரும்பியிருக்கும்.
அதற்குப் பிறகு, பூச்சியம்.

பூச்சியத்தை வரவில் போடுவதா, செலவில் போடுவதா?
மெலனிக்கும் தெரியவில்லை. கட்டம் எண் கேட்டது.
கடைசியில் முகம் மலர்ந்தாள்.
உபகரணம் என்று போடுவோம்,
வேலிக்கம்பி, தண்ணீர்த் தொட்டி, கழுதை,
பத்து வருடத் தேய்மானம்,
வருடத்துக்கு அறுபத்தைந்து டொலர்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
வந்தது நிற்கவில்லை.
தேய்ந்து தேய்ந்து பத்தாம் வருடம்
ஒரு கட்டெறும்பு வேலியோரம் காவல் நிற்பதை
நான் எந்த இங்கிலீசில் சொல்ல?
அவள் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.
கையெழுத்து மூன்று இடத்தில்.

வீடு திரும்ப ஐந்து மணி, இருட்டிவிட்டது.
முதுகில் இரண்டு அங்குலப் பனியோடு
படலையடியில் நின்றது.
தனக்கு இந்த வருடம் அறுபத்தைந்து குறைந்தது தெரியாமல்
என் சட்டைப்பையில் கரட் தேடியது.
இல்லை. வங்கி மிட்டாய் ஒன்றுதான் இருந்தது.
தாளோடு தின்றது.