அடியில் ஒன்றுமில்லை

புதுப்பேட்டையில் கிலோக்கணக்கில் வாங்கிய
ஃபிரிட்ஜ் கதவு ரப்பரைக்
காடியில் அழுத்தி முடித்தபோது
அம்பத்தூரில் இரண்டாம் ஷிப்ட் சங்கு.

மோட்டார் கத்தியது.
முள் ஐந்தைத் தாண்டவில்லை.
எங்கோ ஒழுகல்.

கிளெமென்ட் ஊதுபத்தி கொளுத்தி
மேசை ஓரமாக நடத்திப் போனான்.
நேராக ஏறிய புகை
அக்னி மூலையில் சட்டென்று குனிந்து
உள்ளே போயிற்று.
"சாமி இங்கதான் இருக்காரு."
எம்-சீல் பிசைந்தோம்.

பதினெட்டு எம்.எம். பிளைவுட்டை
இருவரும் தோள்கொடுத்துத் தள்ளுகிறோம்.
அசையவில்லை.
அடியில் ஒன்றுமில்லை, மேலேதான்
பெயிண்ட் வாடை, லாரிப் புகை,
தூறலுக்கு முந்தைய புழுக்கம் என்று
எஸ்டேட்டின் மொத்தக் காற்றும்
ஏறி உட்கார்ந்திருக்கிறது.

ரூட்டர் இறங்குகிறது.
பழமுதிர் நிலையத்துப் பெயர்ப்பலகை.
'ழ'வின் சுழியையாவது முடித்துவிட வேண்டும்.
கரண்ட் போனால்
காற்று எழுந்துவிடும்.